கண்டிஷனர் பாட்டிலின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

நான் பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். காவிரித் தண்ணீரில் தலைக்குக் குளித்து, கிடைத்த ஷாம்புவைப் போட்டு, முடியைப் பற்றி யோசிக்காமலே இருபத்தைந்து வயதுவரை வந்துவிட்டேன். கல்யாணமாகி ஹொரமாவு பக்கம் குடிவந்தோம். அங்கே போர்வெல் தண்ணீர், கோடையில் டேங்கர். மூன்றே மாதத்தில் முடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. ஷாம்பு அதேதான், கண்டிஷனரும் அதேதான். தண்ணீர் மட்டும்தான் மாறியிருந்தது.

அதன்பிறகு விலை கூடிய பாட்டில்களாக ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில்தான் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். எட்டு வருடமாக அந்தப் பழக்கம் தொடர்கிறது.

போன மாதம் எங்கள் அபார்ட்மென்டில் கீழ்வீட்டுப் பெண் ஒரு பாட்டிலோடு மேலே வந்தாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். "அக்கா, இதுல மூணு ஆல்கஹால் இருக்கு, சிலிகோனும் இருக்கு. ஆப்ல போட்டுப் பார்த்தா எல்லாத்துக்கும் சிவப்புக் குறி காட்டுது. தூக்கிப் போட்டுடவா?" என்றாள்.

"இரும்மா, உட்காரு. உன் முடி எப்படி, எந்தத் தண்ணியில குளிக்கிற, முதல்ல அதச் சொல்லு" என்றேன்.

அவளிடம் அன்றைக்குச் சொன்னதையெல்லாம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்காது. எந்த முடிக்கு, எந்தத் தண்ணீரில், எவ்வளவு அளவில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும். ஆப்புகளுக்கு இந்த மூன்றில் ஒன்றுமே தெரியாது.

படி 1: பாட்டிலுக்கு முன்னால் தண்ணீர்

பெங்களூரில் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. காவிரிக் குழாயில் வரும் தண்ணீர் ஓரளவு மென்மையானது. போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கூடுதலாகக் கரைந்திருக்கும். அதைத்தான் கடினநீர் என்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500. அதன்படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம்.

ஆர்ஓ ரிப்பேருக்கு வருபவர் கையில் வைத்திருக்கும் டிடிஎஸ் மீட்டரை மட்டும் நம்பிவிடாதீர்கள். அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். கால்சியம் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. கடினத்தன்மையைப் பார்ப்பதற்கென்றே காகிதப் பட்டைகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. அது இல்லாவிட்டாலும் வீட்டிலேயே அடையாளங்கள் இருக்கும். பக்கெட் விளிம்பில் வெள்ளைப் படிவு, அடிக்கடி அடைத்துக்கொள்ளும் ஷவர் துளைகள், நுரையே வராத குளியல் சோப்பு, இவையெல்லாம் கடினநீர்தான்.

இந்தக் கால்சியம் முடியின் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. கலர் செய்த முடியிலும் ப்ளீச் செய்த முடியிலும் இன்னும் அதிகமாக ஒட்டும். அந்தப் படிவு இருக்கும்வரை மேலே எந்தக் கண்டிஷனரைப் போட்டாலும் சொரசொரப்பு முழுதாகப் போகாது. எனக்கு நடந்தது இதுதான். குறை தண்ணீரில் இருக்க, நான் பாட்டிலை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

என்ன செய்யலாம்? டைசோடியம் இடிடிஏ அல்லது டெட்ராசோடியம் இடிடிஏ என்ற பெயரைத் தேடுங்கள். இவை கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் பொருட்கள். கண்டிஷனரில் இருந்தால் நல்லது, ஆனால் அங்கே இருக்கும் அளவு குறைவு. படிவை நீக்க, இத்தகைய பொருள் கூடுதலாக உள்ள ஷாம்புவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுவதுதான் பலன் தரும். 'ஹார்ட் வாட்டர்' என்றோ 'கீலேட்டிங்' என்றோ போட்டு விற்பார்கள். கடைசியாக அலசும் இரண்டு மக் தண்ணீர் மட்டும் ஆர்ஓ வடிகட்டியதாக இருந்தாலும் வித்தியாசம் தெரியும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஆர்ஓவிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் சேர்த்து வைத்துத் தலைக்கு ஊற்றக் கூடாது. வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கும். தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் எங்கள் மாடியிலேயே இரண்டு வீடுகளில் அப்படிச் செய்துகொண்டிருந்தார்கள். வீடு துடைக்க அது போதும்.

படி 2: உங்கள் முடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இடுப்பைத் தொடும் பின்னல் என்றால் அதன் நுனிக்கு ஐந்து வயதாவது இருக்கும். ஐந்து வருட வெயில், சீப்பு, சூடான இஸ்திரி எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது. வேரோரம் இருப்பதோ போன மாதம் முளைத்தது. அதனால் ஒரே தலையில் இரண்டு விதமான முடி இருக்கிறது. கண்டிஷனர் தேவைப்படுவது பழைய பாதிக்குத்தான்.

ஒரு முடியை எடுத்து விரல்களுக்கு நடுவில் உருட்டுங்கள். இருப்பதே தெரியவில்லை என்றால் மெல்லிய முடி. தையல் நூல் போல் தட்டுப்பட்டால் தடித்த முடி. சுருளா, அலையா, நேரா என்று பாருங்கள். கலர், ஸ்ட்ரெய்ட்னிங், ப்ளீச் ஏதாவது செய்திருக்கிறீர்களா? வேர்ப்பகுதி மறுநாளே எண்ணெய் விடுகிறதா, மூன்று நாள் தாங்குகிறதா? இதையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும். முடியைத் தண்ணீர் டம்ளரில் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை நான் நம்புவதில்லை. முடியில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தாலே முடிவு மாறிவிடும்.

படி 3: கண்டிஷனர் என்ன வேலை செய்கிறது

தோலுக்கு வெளியே இருக்கும் முடிக்கு உயிர் இல்லை. அது மூச்சு விடாது, சாப்பிடாது, தன்னைத் தானே சரிசெய்துகொள்ளாது. 'முடிக்கு ஊட்டம்' என்ற விளம்பரச் சொல்லை இந்த இடத்திலேயே விட்டுவிடலாம். முடியின் மேற்பரப்பு ஓட்டுக்கூரை மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய செதில்களால் ஆனது. புதிய முடியில் அந்தச் செதில்களின் மேல் இயற்கையான ஒரு கொழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். வழுவழுப்பும் மினுமினுப்பும் அதனால் வருவதுதான். ப்ளீச், கலர், வெயில் எல்லாம் அதை அரித்துவிடும். அதை இழந்த முடிக்கு எதிர்மின் தன்மை கூடுகிறது. தண்ணீரையும் அதிகமாக உறிஞ்சுகிறது, ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது.

கண்டிஷனரில் இருக்கும் முக்கியமான பொருள் நேர்மின் தன்மை கொண்டது. எதிர்மின் தன்மை எங்கே அதிகமோ, அதாவது எங்கே சேதம் அதிகமோ, அங்கே போய் அது ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் விட்டு அலசினாலும் மெல்லிய படலமாகத் தங்குகிறது. அதனால்தான் சீப்பு வழுக்கிக்கொண்டு போகிறது. பெரும்பாலான கண்டிஷனர்களில் கொஞ்சம் அமிலமும் சேர்த்திருப்பார்கள், கண்டிஷனரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) பொதுவாக 3.5 முதல் 5 வரை இருக்கும். செதில்கள் படிந்து கிடக்க அது உதவுகிறது.

நம் பாட்டிகள் சீயக்காயை வெறும் தண்ணீரில் கரைக்காமல் வடிகஞ்சியில் கரைத்ததும், செம்பருத்தி இலையை அரைத்து அந்த வழுவழுப்போடு தேய்த்ததும் இதே தேவைக்குத்தான். கஞ்சியின் மாவும் இலையின் கோழையும் முடிமேல் ஒரு படலம் போடும்; சீயக்காயின் வறட்சி அடங்கும். நேர்மின் பொருள் அளவுக்கு அது அழுத்தமாக ஒட்டாது. ஆனால் சேதமில்லாத முடிக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

படி 4: வரிசையைப் படியுங்கள், ஒரு சதவீதக் கோட்டைக் கண்டுபிடியுங்கள்

நம் நாட்டின் அழகுசாதன விதிகள் 2020-இன்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருட்களை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை அதன் பின்னால் எந்த வரிசையிலும் போடலாம். இந்த இரண்டாவது பகுதியைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கோட்டுக்குக் கீழே முதலில் இருப்பதால் ஒரு பொருள் அதிகம் என்று அர்த்தமில்லை. பார்க்க அழகான பெயரைத் தயாரிப்பாளர் முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கலாம்.

கோடு எங்கே என்று பட்டியலில் போட்டிருக்காது. கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தும் பொருள் நிறைய பாட்டில்களில் உண்டு. ஐரோப்பிய விதிப்படி அதன் உச்ச அளவு 1 சதவீதம், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதைத் தாண்டுவதில்லை. ஆகவே பினாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் வரும் எதுவும் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. பர்ஃப்யூம் என்ற சொல்லையும் அதே மாதிரி அடையாளமாக வைத்துக்கொள்ளலாம், வாசனையும் பொதுவாக அந்த அளவுக்குள்தான் இருக்கும்.

நான் செய்வது இதுதான்: ஒரு பென்சிலால் அந்த இடத்தில் சின்னக் கோடு போட்டுவிடுவேன். மேலே இருக்கும் ஐந்தாறு பெயர்களை நிதானமாகப் படிப்பேன். கீழே இருப்பதில் ஒவ்வாமை தரக்கூடியவை இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பேன்.

படி 5: முதல் ஐந்து பெயர்களில் இவை இருக்கின்றனவா?

முதலில் தண்ணீர். அதைத் தாண்டியதும் இரண்டு வகைப் பொருட்களைத் தேடுங்கள். இவை இரண்டும் சேர்ந்தால்தான் அது கண்டிஷனர்.

ஒன்று, நேர்மின் பொருள். பெயரின் நடுவிலோ முடிவிலோ 'ஓனியம்' என்று வரும்: பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, செட்ரிமோனியம் குளோரைடு, பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட். இவற்றில் பெஹென்ட்ரைமோனியம் கொஞ்சம் கனமான வழுவழுப்பைத் தரும். செட்ரிமோனியம் லேசானது, மெல்லிய முடிக்கு ஒத்துவரும். கடைசிப் பெயரில் 'சல்ஃபேட்' என்று முடிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஷாம்புவில் அழுக்கை எடுக்கும் சல்ஃபேட்டுக்கும் இதற்கும் வேலையில் சம்பந்தமே இல்லை. ஸ்டியராமிடோப்ரொப்பைல் டைமெத்தில்அமீன் என்ற நீளமான பெயரும் இதே வேலையைச் செய்யும். அதற்கு அமிலம் துணை வேண்டும் என்பதால் கூடவே லாக்டிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ இருக்கும்.

இரண்டாவது, கொழுப்பு ஆல்கஹால். சீட்டைல், ஸ்டியரைல், இரண்டும் கலந்த சீட்டியரில். கீழ்வீட்டுப் பெண் பயந்தது இவற்றைப் பார்த்துத்தான். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் இவை மெழுகு மாதிரியான திடப்பொருட்கள். முடியைக் காய வைக்காது, மிருதுவாக்கும். கண்டிஷனர் கெட்டியான கிரீமாக இருப்பதே இவற்றால்தான். அவளுடைய பாட்டிலில் மூன்றாவதாக இருந்த பென்சைல் ஆல்கஹால் கடைசியில், கெட்டுப்போகாமல் காக்கும் பொருளாக மிகக் குறைந்த அளவில் இருந்தது. காய வைக்கும் ஆல்கஹால் வேறு: ஆல்கஹால் டீனேச்சர்டு, எத்தனால், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். இவை முதல் ஐந்துக்குள் இருந்தால் நான் வாங்க மாட்டேன். கோட்டுக்குக் கீழே இருந்தால் பொருட்படுத்த வேண்டாம்.

பாலிகுவாட்டர்னியம்-10, குவார் ஹைட்ராக்ஸிப்ரொப்பைல்ட்ரைமோனியம் குளோரைடு போன்றவையும் நேர்மின் வகைதான், குறைந்த அளவிலேயே வேலை செய்யும். ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள். குவாட்டர்னியம்-15 என்று இருந்தால் அது இந்தக் குடும்பத்தின் வேலையைச் செய்வதில்லை. அது ஃபார்மால்டிஹைடை மெதுவாக வெளிவிட்டுப் பதப்படுத்தும் பொருள்.

படி 6: சிலிகோன் விஷயம்

இதில்தான் அதிகம் பேர் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். 'சிலிகோன் முடியை மூச்சுத் திணற வைக்கும்' என்கிறார்கள். மூச்சே விடாத ஒன்று எப்படித் திணறும்? சேதமான முடிக்கு சிலிகோன் நல்ல பாதுகாப்பு. சீப்பின் உராய்வைக் குறைக்கிறது, ட்ரையர், இஸ்திரி ஆகியவற்றின் சூட்டிலிருந்து ஓரளவு காக்கிறது. பெயரின் முடிவு 'கோன்', 'கோனால்', 'சிலாக்ஸேன்' என்றிருந்தால் சிலிகோன் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் எல்லாம் ஒன்றல்ல. டைமெத்திகோன், டைமெத்திகோனால் இரண்டும் தண்ணீரில் கரையாதவை. சல்ஃபேட் இல்லாத மென்மையான ஷாம்புவை மட்டும் பயன்படுத்துபவர்களுக்கு இவை வாரக்கணக்கில் சேர்ந்து, முடி கனத்துத் தொய்ந்துபோகலாம். மாதம் இரண்டு முறை கொஞ்சம் வலுவான ஷாம்பு போட்டால் அந்தப் பிரச்சினை இருக்காது. அமோடைமெத்திகோனுக்கும் நேர்மின் தன்மை உண்டு, சேதமான இடத்தைத் தேடி ஒட்டும். கலர் செய்த முடிக்கு நான் முதலில் தேடுவது இதைத்தான். பெயருக்கு முன்னால் 'பெக்' என்று சேர்த்து, பெக்-12 டைமெத்திகோன் மாதிரி வந்தால் அது தண்ணீரோடு போய்விடும் வகை. லேசானது, சேராது.

சைக்ளோபென்டாசிலாக்ஸேன் ஆவியாகிப் போய்விடும் வகை. கழுவிவிடும் பொருட்களில் இதை 0.1 சதவீதத்துக்கும் குறைவாக வைக்கும்படி ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி 31 முதல் கட்டுப்படுத்தியது. நீர்நிலைகளில் சிதையாமல் நெடுநாள் தங்குகிறது என்பதுதான் அதற்குக் காரணம்; முடிக்குக் கெடுதல் என்பதற்காக அல்ல. நம் ஊர் ஏரிகளில் என்னென்ன கலக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பவள் என்பதால், இது பட்டியலின் மேலே இருந்தால் நான் வேறு பாட்டிலைத் தேடுகிறேன்.

மெல்லிய முடி, எண்ணெய் விடும் தலை என்றால் சிலிகோன் இல்லாததையோ கோட்டுக்குக் கீழே இருப்பதையோ எடுங்கள். சுருள்முடிக்காரர்கள் சிலர் சிலிகோனை அறவே ஒதுக்குகிறார்கள். அது அவர்கள் போடும் மென்மையான ஷாம்புவோடு சேர்ந்த முடிவு. ஷாம்புவை மாற்றாமல் அதை மட்டும் பின்பற்றினால் முடி சிக்கிக்கொண்டு நிற்கும்.

படி 7: எண்ணெய், புரதம், கிளிசரின்

மும்பையில் மேரிகோ நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2003-இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டதில், முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் புகுந்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், அங்கே சோதித்தது நேரடியாகத் தடவிய எண்ணெயை. கண்டிஷனரில் கோட்டுக்குக் கீழே இருக்கும் துளி எண்ணெயிடம் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. தேங்காய் எண்ணெய் வேண்டுமென்றால் குளிப்பதற்கு முன்னால் தடவிக்கொள்வதே மேல், செலவும் குறைவு.

புரதத்தில் 'ஹைட்ரோலைஸ்டு' என்ற சொல் முன்னால் இருக்கிறதா என்று பாருங்கள்: ஹைட்ரோலைஸ்டு கெரட்டின், கோதுமைப் புரதம், பட்டுப் புரதம். சிறு துண்டுகளாக உடைத்தால்தான் முடியில் ஒட்டும். ப்ளீச் செய்த முடிக்கு இது உதவும். சேதமில்லாத முடியில் ஒவ்வொரு குளியலுக்கும் போட்டால் சிலருக்கு விறைப்பாகிவிடுகிறது. பாந்தெனால் (வைட்டமின் பி5 வகை) நல்ல பொருள், யாருக்கும் பெரும்பாலும் தொந்தரவு தராது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும். கழுவிவிடும் கண்டிஷனரில் பிரச்சினையில்லை. கழுவாமல் விடும் வகையில் முதல் ஐந்துக்குள் இருந்தால், மும்பை மழைக்காலம் மாதிரியான ஈரக் காற்றில் முடி உப்பிக்கொள்ளும்.

படி 8: எதற்குப் பயப்பட வேண்டும்

முடிக்குக் கெடுதல் என்பதைவிட உச்சந்தலைக்கும் தோலுக்கும் ஒவ்வாமை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. முதலிடம் மெத்தில்ஐசோதியாசோலினோன் என்ற பதப்படுத்தும் பொருளுக்கு. அமெரிக்கத் தொடு ஒவ்வாமைத் தோல் மருத்துவர்கள் சங்கம் 2013-இன் முக்கிய ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது இதைத்தான். ஐரோப்பாவில் கழுவாமல் விடும் பொருட்களில் தடை, கழுவிவிடுபவற்றில் 0.0015 சதவீதம் மட்டுமே அனுமதி. ஒத்துக்கொள்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது. தலை, காது மடல், கழுத்து அரிக்கும் பழக்கம் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். டிஎம்டிஎம் ஹைடன்டாயின், டையசோலிடினைல் யூரியா, இமிடசோலிடினைல் யூரியா மூன்றும் ஃபார்மால்டிஹைடு வெளிவிடுபவை. தோல் எளிதில் சிவக்கிறவர்கள் இவற்றையும் தவிர்க்கலாம்.

பாரபென் என்ற பதப்படுத்தும் பொருள் பற்றி இருக்கும் பயம் அதன் அளவை மீறியது என்பது என் கருத்து. ஐரோப்பாவில் 2014-இல் ஐந்து வகைப் பாரபென்களைத் தடை செய்தார்கள், மெத்தில்பாரபென் 0.4 சதவீதம் வரை இன்றும் அனுமதியில் இருக்கிறது. பதப்படுத்தும் பொருளே இல்லாமல் ஈரக் குளியலறையில் மூன்று மாதம் நிற்கும் கிரீமில் பூஞ்சை வளரும். எனக்கு அதுதான் பெரிய கவலை.

வாசனை ஒவ்வாமை இருந்தால் பர்ஃப்யூம் என்ற சொல் இல்லாததைத் தேடுங்கள். நெற்றியிலும் முதுகிலும் சின்னச் சின்னப் பருக்கள் வந்தால் ஐசோப்ரொப்பைல் மைரிஸ்டேட், ஐசோப்ரொப்பைல் பால்மிடேட் இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்டிஷனர் அலசும்போது தலையை முன்னால் குனிந்து அலசிவிட்டு, முதுகைக் கடைசியில் சோப்புப் போட்டுக் கழுவினாலே பாதிப் பருக்கள் குறையும்.

படி 9: இப்போது முன்பக்கத்தைத் திருப்புங்கள்

'சல்ஃபேட் ஃப்ரீ' என்று கண்டிஷனரில் போட்டிருப்பதற்குப் பெரிய பொருள் இல்லை. சல்ஃபேட் ஷாம்புவின் சரக்கு. கண்டிஷனரில் வழக்கமாகவே இருக்காது. 'ஹேர் ஃபால் கன்ட்ரோல்' என்பது பெரும்பாலும் முடி நடுவில் அறுவது குறைவதைத்தான் சொல்கிறது. பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேரோடு உதிரும் முடியைக் கண்டிஷனர் நிறுத்தாது.

வெங்காயம்? ஈராக்கில் நடந்து 2002-இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று உண்டு. திட்டுத் திட்டாக முடி கொட்டும் நோய் உள்ளவர்களுக்கு, பச்சை வெங்காயச் சாற்றைத் தினம் இரண்டு வேளை, இரண்டு மாதம் தடவிப் பார்த்தார்கள். பலருக்கு முடி வளர்ந்தது. மூன்று நிமிடத்தில் கழுவிவிடும் கிரீமில் கோட்டுக்குக் கீழே இருக்கும் வெங்காயச் சாறு அந்த ஆய்வோடு சொந்தம் கொண்டாட முடியாது.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் கொத்தாகக் கொட்டினால், கடந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் டெங்கு மாதிரிக் கடும் காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை ஏதாவது நடந்ததா என்று யோசியுங்கள். இரும்புச்சத்தும் தைராய்டும் பார்க்க வேண்டியிருக்கலாம். அதற்குத் தோல் மருத்துவர்தான்.

படி 10: இரண்டு பட்டியல்களைச் சேர்ந்து படிப்போம்

நானே எழுதிப் பார்த்த இரண்டு மாதிரிப் பட்டியல்கள் இவை. கடையில் இப்படித்தான் இருக்கும்.

முதலாவது: தண்ணீர், சீட்டியரில் ஆல்கஹால், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, டைமெத்திகோன், கிளிசரின், பர்ஃப்யூம், பினாக்ஸிஎத்தனால், ஆர்கன் எண்ணெய், ஹைட்ரோலைஸ்டு கெரட்டின், அமோடைமெத்திகோன், டைசோடியம் இடிடிஏ, சிட்ரிக் அமிலம்.

முன்பக்கம் 'ஆர்கன் கெரட்டின்' என்று பெரிதாக இருக்கும். பின்பக்கம் இரண்டும் கோட்டுக்குக் கீழே. ஆனால் இது மோசமான பாட்டில் இல்லை. கொழுப்பு ஆல்கஹாலும் நேர்மின் பொருளும் முன்வரிசையில் இருக்கின்றன, சேதமான இடத்துக்கு அமோடைமெத்திகோன், கடினநீருக்கு இடிடிஏ. கலர் செய்த, தடித்த, போர்வெல் தண்ணீர் முடிக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். ஆர்கனுக்காகக் கூடுதல் விலை கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது: தண்ணீர், கற்றாழைச் சாறு, தேங்காய் எண்ணெய், கிளிசரின், சீட்டைல் ஆல்கஹால், கிளிசரைல் ஸ்டியரேட், ஷியா வெண்ணெய், ஸாந்தன் கம், வெங்காயச் சாறு, சோடியம் பென்சோயேட், பர்ஃப்யூம்.

எல்லாம் தெரிந்த பெயர்கள், மனத்துக்கு இதமாக இருக்கிறது. ஆப்பில் போட்டால் பச்சைக் குறிதான் வரும். ஆனால் 'ஓனியம்' ஒன்றுகூட இல்லை, அமீனும் இல்லை. முடியில் ஒட்டி நிற்கும் பொருள் எதுவும் இதில் கிடையாது. இது உடம்புக்குப் பூசும் லோஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வறண்ட சுருள்முடிக்குக் குளிப்பதற்கு அரைமணி முன்னால் தடவலாம். மெல்லிய முடியில் சிக்கும் எடுக்காது, எண்ணெய்ப் பிசுக்கும் மிஞ்சும்.

கீழ்வீட்டுப் பெண்ணின் பாட்டில் முதல் வகையைச் சேர்ந்தது. "தூக்கிப் போடாதே, உன் நுனிக்கு இது சரியாத்தான் இருக்கு. ஷாம்புவ மட்டும் மாத்திப் பாரு" என்றேன்.

படி 11: நான்கு வாரம் போட்டுப் பாருங்கள்

புதிய பாட்டிலை முதலில் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, ஐந்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். நாலைந்து நாள் இப்படிச் செய்து அரிப்பு, சிவப்பு இல்லை என்றால் தலைக்குப் போகலாம். பாட்டிலில் 'யூஸ் பிஃபோர்' தேதியும், திறந்த டப்பா படத்துக்குள் எழுதிய மாத எண்ணிக்கையும் பாருங்கள். தயாரிப்பு உரிம எண்ணே இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள்.

போடும் முறையும் பாதி வெற்றி. ஷாம்பு அலசியதும் முடியைப் பிழிந்து தண்ணீரை வடித்துவிட்டு, காதுக்குக் கீழிருந்து நுனிவரை மட்டும் தடவுங்கள். பொடுகு இருப்பவர்கள் உச்சந்தலையில் படவே விடக் கூடாது. பொடுகோடு சம்பந்தப்பட்ட பூஞ்சைக்குக் கொழுப்பு தீனி. பெரிய பல் சீப்பால் அப்படியே சிக்கெடுத்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள்.

முதல் குளியல் முடிந்ததும் வழுவழுவென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நேர்மின் பொருளும் சிலிகோனும் சேர்ந்தால் எந்த முடியும் அன்றைக்கு வழுவழுப்பாகத்தான் இருக்கும். ஷாம்புவை மாற்றாமல், வாரம் இரண்டு குளியல் வீதம் எட்டு முறை போடுங்கள். ஈர முடியில் சீப்பு சிக்காமல் போகிறதா, மறுநாள் மாலை நுனி எப்படி இருக்கிறது, சீப்பில் தங்குவது வேரோடு வந்த நீள முடியா அறுந்த சின்னத் துண்டா என்று பாருங்கள். மூன்றாவது வாரத்தில் முடி கனத்துத் தொய்ந்தால் முடிமேல் படலம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை வலுவான ஷாம்பு போட்டுப் பார்த்து, சரியானால் அளவைக் குறையுங்கள். நான்கு வாரத்துக்குப் பிறகும் நுனி சொரசொரப்பாகவே இருந்தால் முதல் படிக்குப் போய்த் தண்ணீரைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இதை வருடத்துக்கு இரண்டு முறை சரிபார்க்கிறேன். மார்ச்சில் டேங்கர் வர ஆரம்பித்ததும் கடினநீர் ஷாம்புவை வாரம் ஒருமுறை ஆக்கி, அமோடைமெத்திகோன் உள்ள கண்டிஷனரை வெளியே எடுக்கிறேன். ஜூனில் மழை பிடித்து, மாடித் தொட்டியில் மழைத் தண்ணீர் சேர ஆரம்பித்ததும் அந்தக் கண்டிஷனரை உள்ளே வைத்துவிட்டு, செட்ரிமோனியம் மட்டும் உள்ள லேசான பாட்டிலுக்கு மாறிக்கொள்கிறேன்.